புளுகன் வாய் மூடிய வெள்ளிக்கிழமைகள்

சத்தியம், சத்தியம், சத்தியம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையையும் சேர்த்து அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஊரையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கீரை விற்றவர் நிஜமாகவே கீரைதான் விற்றாரா என்று என்னைக் கேட்காதீர்கள். மாற்றாமல் எழுதினால் என் தொழில் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். மீதி அத்தனையும் சத்தியம்.

என் தொழில் மனநல சமூகப் பணி. காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் உலகத்திலேயே இது ஒன்றுதான். இந்தத் தொழிலுக்கு செஞ்சியில் ஆள் பிடித்தவர்கள் என்னைப் பிடித்தார்கள் பாருங்கள், அங்கேதான் விதி சிரித்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்கு 'ரீலு பெரியவர்' என்று பேர். கோட்டைக்குள்ளே ஆனைக்குளம் இருக்கிறதல்லவா, அதில் ராஜா காலத்து யானை ஒன்று இன்னும் மூழ்கிக் கிடக்கிறது, முற்றுகையின்போது ஒளிந்த யானை, சண்டை முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லாததால் வெளியே வரவில்லை, மழைக்காலத்தில் தும்பிக்கை நுனியை மட்டும் நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும் என்று நான் சொல்லி, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சாப்பாட்டு மூட்டையோடு குளத்தங்கரையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. அப்பேர்ப்பட்ட வாய் இது. இதைத்தான் கட்டிப் போட்டார்கள்.

உங்களில் யாராவது அடுத்தவர் ரகசியத்தை விழுங்கிவிட்டு, துப்பவும் முடியாமல் செரிக்கவும் முடியாமல் இருந்தால், நாம் ஒரே சாதி. கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

வணக்கம் வைக்காத மனுஷன்

எங்கள் ஆலோசனை மையத்துக்கு முதல் தடவை வருகிறவரிடம் நான் ஒரு பாடம் ஒப்பிப்பேன். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. உங்க உயிருக்கு ஆபத்து, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கெடுதல், இல்லன்னா கோர்ட்டு கேக்குது, அப்போ மட்டும் போகும். வெளிய உங்களைப் பார்த்தா நானா வணக்கம் வைக்க மாட்டேன். நீங்க வெச்சா வைப்பேன்." கடைசி வரியைக் கேட்டதும்தான் நிறையப் பேருக்கு மூச்சு வரும். சின்ன ஊர். நான் ஒருத்தரைப் பார்த்துச் சிரித்தால், இவர் எதற்கு அவரிடம் போனார் என்று எதிர்க்கடையில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

பழக்கம் முற்றிப்போய், ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகளுடைய மாமனாரையே நேருக்கு நேர் பார்த்துவிட்டு, கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'பெரியவர் கண்டுக்காம போறாருன்னா இவரும் அங்க போறாருபோல' என்று பந்தி முடிவதற்குள் பரவிவிட்டது. பாவம், அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வந்த ஒரே நோய் பல்வலி. கை கழுவுகிற இடத்தில் என்னை ஓரம் கட்டினார். "சம்பந்தி, உன் கால்ல வேணா வுழறேன். நாலு பேரு பாக்க எனக்கு ஒரு வணக்கம் வை."

பனமலை பஸ்

பாடத்தில் சொன்ன விலக்குகளை நான் ஒப்பிக்கும்போது யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியும் வாங்கவில்லை. ரொம்ப நாளாகச் சிரிக்காதவர், அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். பயிர், பம்புசெட்டு எல்லாம் பேசிவிட்டு, "இந்த வாரத்தோட முடிச்சிக்கலாம்னு இருக்கேன் சார். நீங்கதான் யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே, அதான் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். அவர் எதிரிலேயே போனை எடுத்தேன். "உங்க வீட்டம்மாவுக்குப் பேசப் போறேன். உங்களுக்குத் தெரியாமப் பேச மாட்டேன். ஆனா பேசாம இருக்க மாட்டேன்" என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தத் தம்பி கதவைச் சாத்தினால் அண்ணன் அப்படித்தான் பார்ப்பான். மனைவி வரும் வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் அனுப்பினோம். மருந்து, பேச்சு, மறுபடி மருந்து. பிழைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் போய் வருகிறோம். நான் ஏறினால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். விதிப்படி நானாக வணக்கம் வைக்கவும் முடியாது. ஒரு நாள் எனக்குப் பின்சீட்டில் ஒரு பையன் தன் கஷ்டத்தைப் பக்கத்து ஆளிடம் புலம்பிக்கொண்டு வந்தான். 'முன்னாடி இருக்கறாரே, அவருகிட்ட போய்ச் சொல்லேன்' என்று யாரோ சொன்னார்கள். ஜன்னலைப் பார்த்தபடியே பனமலைக்காரர் வாயைத் திறந்தார். "அந்தாளுகிட்டயா? ஜாக்கிரத. உசுரக் காப்பாத்திடுவாரு."

திட்டா, நன்றியா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரே நாற்காலியில் இரண்டு பேர்

இப்போது கதிருக்கு வருகிறேன். சிங்கவரத்துப் பையன். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. படபடப்பு, தூக்கமில்லை என்று சில மாதங்களாக என்னிடம் வந்துகொண்டிருந்தான். காரணம் எனக்குத் தெரியும்: ஒரு பெண். அவனுடைய அம்மா தனம் கூலிக்குப் போய்க் களையெடுத்த கொல்லையெல்லாம் அந்தப் பெண் வீட்டுக் கொல்லை. இதற்கு மேல் நான் விளக்கினால் உங்களுக்கு இந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தமாகிவிடும்.

ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். என் அறையில் வருகிறவருக்கு ஒரே நாற்காலி. இன்னொன்று கொண்டு வரச் சொல்கிறேன் என்றால் கேட்கவில்லை, அந்த ஒன்றிலேயே ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டது, பதிவுத் திருமணமும் முடிந்துவிட்டது. அன்றைக்கே கிளம்புகிறார்கள். தொலைவில் ஒரு ஊர். பேரைச் சொன்னார்கள், நான் விழுங்கிக்கொண்டேன். 'போன்ல பேசிக்கினே இருக்கேன் சார், நீங்க என்னை வுட்டுடாதீங்க' என்றான் கதிர். இரண்டு பேர் பற்றியும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றான். உங்கம்மாவுக்குமா என்று கேட்டேன். "எங்கம்மாவுக்குத்தான் சார் முக்கியமா சொல்லக் கூடாது. அவங்க மனசுல இருக்கறது மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும். எவனாவது வந்து அழுவுற மாதிரி கேட்டா, இவங்களும் கூட உக்காந்து அழுதுட்டு ஊர் பேரச் சொல்லிடுவாங்க. அப்புறம் இவ வூட்டாளுங்க இவளை உசுரோட வுட மாட்டாங்க." அந்தப் பெண் எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள். "அத்த ரொம்ப நல்லவங்க சார். அதான் பயமா இருக்குது."

ஒரு மூட்டை மல்லாட்டை

நீங்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். அதில் ஒரு முழு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் சித்தப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சிரிப்பு. யாரிடமும் ஒரு பிடி கடலைகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் விதி. சொன்னேன். 'அட, உனக்கு இல்ல பெரிசு, ஆபீசுக்கு' என்று மூட்டையை மேஜை மேல் சாய்த்தார். "ரெண்டு பசங்க இங்க வந்தாங்களாமே?" என்றார். வந்தார்கள் என்றும் சொல்லக் கூடாது, வரவில்லை என்றும் சொல்லக் கூடாது, அவன் என்னிடம் வருகிறவன் என்பதைக்கூட ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆளை மெதுவாக வெளியே கூட்டிவந்து, வேப்பமர நிழலில் நிறுத்தி, ஆனைக்குளத்து யானையை அவிழ்த்துவிட்டேன். காதிலிருந்து வால் வரை சொன்னேன். யானை மூச்சு வாங்குகிற இடம் வரும்போது மனிதர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். "நீ சொல்லலன்னா போ. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா?" என்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவரும் அவர் ஆட்களும் நேரே சிங்கவரம் போயிருக்கிறார்கள். தனம் வீட்டு வாசலில் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். மிரட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அவர்கள் கேட்கக் கேட்க, 'உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கய்யா' என்று அந்தம்மா அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். கடைசியில் எழுந்து போய்விட்டார்கள். பின்னொரு நாள் சந்தையில் அந்தச் சித்தப்பா எதிரில் வந்தார். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். "அவளுக்கு நெசமாவே தெரியலய்யா. அந்த அழுவையெல்லாம் பொய்யா அழ முடியாது."

இருக்கானா, இல்லியா

செஞ்சியில் வெள்ளிக்கிழமை சந்தை. ஆடு வாங்க எங்கெங்கிருந்தோ லாரி வரும். தனம் அந்தக் கும்பலுக்கு நடுவில் முருங்கைக்கீரைக் கட்டுகளோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு வெள்ளிக்கிழமை விற்றது போக மீதிக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். ஒல்லியான, முன்பல் கொஞ்சம் தூக்கிய அம்மா. கதிர் சொன்னது சரிதான், முகத்துக்குக் கதவே கிடையாது. "எம்புள்ள உங்ககிட்ட வந்துகினு இருந்தான்னு சொன்னாங்க சார். எங்க இருக்கான்னு கேக்கல. இருக்கானா, இல்லியா? அது மட்டும்."

நான் பேசவில்லை. கீரையை நீட்டினார். வாங்கக் கூடாது என்றேன். அதற்காவது வாய் வந்தது. வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கதிருக்குப் பேசினேன். 'உயிரோட இருக்கான், இந்த ரெண்டு வார்த்தை மட்டும் சொல்லிக்கிறேன், அனுமதி குடு' என்றேன்.  "வேணாம் சார். இருக்கேன்னு தெரிஞ்சா அவங்க மூஞ்சி மாறிடும். மாறினா மறுநாளே இவ சித்தப்பா ஆளுங்க அவங்க வாசல்ல வந்து உக்காந்துக்குவாங்க" என்றான். அவனும் அழுதான், அது வேறு விஷயம்.

அடுத்த வெள்ளி வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். பனமலைக்காரர் கதை எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. "அவன் பொண்டாட்டிக்குச் சொல்றதுக்கு வாய் இருந்துச்சு, எனக்குச் சொல்ல இல்லியா?" என்றார். அங்கே சொல்லாமல் இருந்தால் ஒரு உயிர் போயிருக்கும், இங்கே சொன்னால் ஒரு உயிர் போகும். இதைச் சொன்னாலும் சொன்னதாகிவிடும். நான் மேஜை விரிப்பில் இருந்த பூவை எண்ணுவது போல உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா கிளம்பும்போது சொன்னதை என் பெண்டாட்டியிடம்கூட நான் சொன்னதில்லை. "ஊருக்கெல்லாம் இல்லாத யானையக் காட்டற. எனக்கு இருக்கற புள்ளையக் காட்ட மாட்டேங்கற."

மேடம் போட்ட பூட்டு

எங்கள் மையத்தின் பொறுப்பாளர் மேடத்துக்கு என் மகள் வயதுதான். ஆனால் சட்டம் பேசினால் எனக்கு அம்மா. இப்படி ஒரு தாய் வாரா வாரம் வருகிறார், ஒரு சின்னப் பொய் சொல்லி ஆறுதல் பண்ணினால் என்ன என்று கேட்டேன். 'துபாய்ல நல்லா இருக்கானாம்' என்று ஒரு வரி. என் கையிருப்பில் இருக்கிற பொய்களில் அது ஒரு தூசு.

மேடம் பேனாவை மூடி வைத்தார். 'உண்மையும் சொல்லக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது சார். அந்தம்மா உங்களை நம்பி வர்றாங்க. ஒரு நாள் நீங்க சொன்னது பொய்னு தெரிஞ்சா அப்புறம் வாழ்நாள் பூரா யாரையும் நம்ப மாட்டாங்க' என்றார். அப்போ நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். அந்தம்மாவை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், கூட இருங்கள் என்றார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுந்தேன். கதவு வரை போனதும் கூப்பிட்டுச் சொன்னார். "ரீல் விடறதுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கு சார். அந்த ரூமுக்குள்ள வேணாம்."

தனம்மா கண்டுபிடித்தது

மேடம் சொன்னபடி தண்ணீர் கொடுத்தேன். அந்தம்மா கேட்பார், நான் பேச மாட்டேன், தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். மல்லாட்டை பிடுங்கி நெல் நட்டாயிற்று, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிஜமாகச் சொல்கிறேன், சிரித்தார்.

என்ன என்றேன். "டீக்கடையில உக்காந்து பாத்துகினுதான் இருந்தேன் சார். எவன் இன்னா கேட்டாலும் நீ ஒரு பொய் சொல்ற. பஸ் எப்ப வரும்னு கேட்டாக்கூட ஒரு பொய் சொல்ற. எம்புள்ள செத்துட்டிருந்தா, இந்தக் கெழவி அழக் கூடாதேன்னு எனக்கும் ஒரு பொய் சொல்லியிருப்ப. அங்க கீறான், இங்க கீறான்னு அளந்து வுட்டிருப்ப. எங்கிட்ட மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கற. அப்போ எம்புள்ள இருக்கான்."

 ஆமாம் என்று தலையும் ஆட்டக் கூடாது, இல்லை என்றும் ஆட்டக் கூடாது. கல்லாகிவிட்டேன். அந்தக் கல்லைப் பார்த்து அந்தம்மாவின் முகம் விளக்கு ஏற்றினாற்போல ஆனது. அப்புறம்தான் பார்த்தேன்: வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் அந்தம்மா நின்று, முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்து, பழைய துக்கத்தை எடுத்துப் பூசிக்கொண்டு தெருவில் இறங்கினார். கதவே இல்லாத முகம் என்றேனே, அதற்கு அந்தம்மா தானே ஒரு கதவு செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இதுதான் வழக்கம். கீரைக் கூடையை இறக்கி வைத்து, "இன்னா சார்?" என்பார். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் அந்த மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சக் கீரையை ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இதுவும் விதிமீறலா என்று மேடத்திடம் கேட்டேன். மேடம் முதல்முறையாகச் சட்டப் புத்தகத்தைத் தேடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க ஒண்ணும் சொல்லலியே சார்."

மழை நாளில் ஒரு போன்

ஐப்பசி மழை. மத்தியானம். கதிரின் நம்பரிலிருந்து போன். எடுத்தால் அந்தப் பெண். கதிருக்கு ஒரு வாரக் காய்ச்சல் என்றாள். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள், அப்புறம் வெளியே உட்காருங்கள் என்றார்கள். "இன்னிக்கு எழுந்துடுவாரு, நாளைக்கு எழுந்துடுவாருன்னு இருந்துட்டேன் சார்." அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொள்ளி வைத்தார்களாம். சொந்தம் என்று ஒரு ஆள் இல்லை. உடம்பை ஊருக்குக் கொண்டுவந்திருந்தால் அவளும் கூட வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் திரும்பியிருக்க முடியாது. கதிர் நினைவு இருக்கும்போதே, 'என்ன ஆனாலும் நீ ஊருக்குப் போகாத' என்று சொல்லியிருக்கிறான். "சாவுக்குக்கூட ஊருக்கு வர முடியல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் அழுது முடிக்கும்வரை இருந்தேன். அவள் இப்போது யாரோடு இருக்கிறாள், சாப்பிட்டாளா, அவளுக்கு ஏதும் தப்பான எண்ணம் வருகிறதா என்று கேட்டேன். அது என் கடமை. அந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்த ஒரு நல்ல அம்மாவின் நம்பர் கொடுத்தேன், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியாக, அத்தைக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் சொன்னது இது. "அவரு போய்ட்டாருன்னு சொல்லிடுங்க சார். அத்தைய ஏமாத்தாதீங்க. என்னப் பத்தி மட்டும் ஒண்ணும் வேணாம்."

அன்றைக்குப் புதன்கிழமை.

கடைசி வெள்ளி

வழக்கமாக நம்மவர்கள் துக்கச் செய்தியை ஆள்விட்டுச் சொல்வார்கள். மறுநாளே சிங்கவரம் பஸ்ஸில் ஏறிப் போனேன். போகப் போகத்தான் உறைத்தது: தனம் வீட்டு வாசலில் நான் நின்றால் ஊரே பார்க்கும், சித்தப்பா காதுக்குப் போகும், அந்தப் பெண்ணைத் தேடுவார்கள். நிறுத்தத்தில் இறங்கி, அங்கே இருந்த கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். அந்தம்மா என் அறைக்கு வருவதுதான் நல்லது. அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. என்னென்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று மேடம் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கே தெரிந்த பாடம்தான். எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். நேராகச் சொல், சுற்றி வளைக்காதே, 'போய்விட்டான்' என்ற வார்த்தையைத் தெளிவாகச் சொல்.

மழையில் சந்தை சரியாகக் கூடவில்லை. கீரை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தனம்மா கூடையை இறக்கி வைத்து, தலையைத் துவட்டிக்கொண்டு, எப்போதும்போல உட்கார்ந்தார். மௌனத்தை வாங்கிக்கொண்டு போக வந்தவர். "இன்னா சார்?"

நான் வாயைத் திறந்தேன். பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆயுசு பூரா எதைப் பேசிப் பழகியதோ அதைத்தான் இந்த வாய் பேசியது. "தனம்மா, ஆனைக்குளத்துல அந்த யானை இருக்குது பாரு," என்று ஆரம்பித்தேன். "ராஜா காலத்து யானை. சண்டை முடிஞ்சிடிச்சின்னு தெரியாம..."

அந்தம்மா கையைத் தூக்கினார். "போதும் சார்."

முகத்திலிருந்து எல்லாம் இறங்கிப் போவதை நான் பார்த்தேன். அந்தம்மா கத்தவில்லை. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சரியான வார்த்தைகள் வந்தன. போய்விட்டான் தனம்மா, காய்ச்சல், ஆஸ்பத்திரியில்தான் இருந்தான், தனியாக இல்லை என்று சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். கொள்ளி வைத்தது யார் என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றேன்.  நான் கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, பழைய வெள்ளிக்கிழமைகளில் கேட்ட அதே குரலில் கேட்டார். "அந்தப் பொண்ணு?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

யானையும் இல்லை, குதிரையும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தேன். தனம்மா என் மௌனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழ்வரை, சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து, கூடையிலிருந்து ஒரு கட்டுக் கீரையை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். வாங்கக் கூடாது என்ற விதி எனக்கு நினைவுக்கு வந்தது. சும்மா இருந்தேன். வாசலுக்குப் போய் நின்று முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை பூசிக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை. படியில் இறங்குவதற்கு முன்னால் திரும்பாமலே சொன்னார். "அதுவாச்சும் இருக்கட்டும்."

இத்தனை வருஷம் ஊரையே ஏமாற்றிய என் வாயால் ஒரு கீரைக்காரம்மாவை மட்டும், திறந்தும் ஏமாற்ற முடியவில்லை, மூடியும் ஏமாற்ற முடியவில்லை என்பதுதான் நான் இந்தத் தொழிலில் கண்டது. இதை உங்களுக்கு யார் சொன்னது என்று யாராவது கேட்டால், தயவுசெய்து செஞ்சிப் பக்கமே போனதில்லை என்று சொல்லிவிடுங்கள்.